ஏழை இலை – 17: கிழங்குக்குத் துணை வந்த கறி

சென்ற வாரம் அமெரிக்கப் பட்டாளத்தின் சமையற்கூடத்தில் நிறுத்தியிருந்தேன். 1910-இல் வந்த அந்நாட்டு ராணுவச் சமையல் கையேடு 60 பேருக்கு அளவு சொல்கிறது: 15 பவுண்டு உலர்ந்த மாட்டிறைச்சிச் சீவலைக் கொழுப்பில் வதக்கி, மாவு தூவி, எலும்புச்சாறும் டின்பாலும் விட்டுக் கெட்டியாக்கி, வாட்டிய ரொட்டியின்மேல் ஊற்ற வேண்டும். சிப்பாய்கள் அதற்கு வைத்த பட்டப்பெயரை அச்சிட இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் சம்மதிக்க மாட்டார். பட்டாளத்தில் அதைத் திட்டிக்கொண்டே தின்றவர்கள், ஊர் திரும்பியபின் சாலையோரக் கடைகளில் அதையே கேட்டு வாங்கினார்கள் என்பதுதான் வேடிக்கை.

வயிற்றை அடைக்க மலிவான மாவுப்பண்டம், அதை உள்ளே இறக்க மேலே கொஞ்சம் கறி. இந்த ஏற்பாட்டுக்குத் திருவனந்தபுரத்திலும் ஒரு வடிவம் உண்டு. அங்கே ரொட்டியின் இடத்தில் மரவள்ளிக்கிழங்கு இருக்கிறது. கோட்டயத்துக்காரருக்கு அது கப்பை, திருவனந்தபுரத்தாருக்கும் நம் குமரி மாவட்டத்தாருக்கும் மரச்சீனி, சேலத்தாருக்குக் குச்சிக்கிழங்கு. பொழுது சாய்ந்து தட்டுக்கடைகளில் விளக்கு எரியத் தொடங்கியதும், மஞ்சள் நிறத்தில் குழைந்த கிழங்கும் கருத்து வறண்ட மாட்டுக்கறியும் ஒரே தட்டில் வரும். ஆட்டோ ஓட்டுநரும் சட்டக்கல்லூரி மாணவரும் தலைமைச் செயலகத்து எழுத்தரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள்.

இதை மலையாளிகளின் ஆதி உணவு என்று பலரும் நினைக்கிறார்கள். கிழங்கு அங்கே சாப்பாடாக ஊன்றி 140 ஆண்டுகள்தான் ஆகின்றன. கறி அதனோடு சேர்ந்தது இன்னும் பிந்தி.

மரவள்ளியின் தாயகம் பிரேசில் பக்கம். போர்ச்சுக்கீசியர் அதை மலபார்க் கரையில் இறக்கினார்கள். ஆனால் வெகுகாலம் அது தோட்டத்து மூலையில் நிற்கும் செடியாகவே இருந்தது. அதைச் சாப்பாட்டுக்குரிய பயிராக்கியவர் விசாகம் திருநாள் ராம வர்மா. 1880 முதல் 1885 வரை, ஐந்தே ஆண்டுகள் திருவிதாங்கூரை ஆண்டவர். கும்பகோணத்தில் பிறந்த டி. மாதவராவிடம் பாடம் படித்தவர். செடிகொடிகளில் தீராத ஆசை கொண்டவர். அவர் பட்டத்துக்கு வருவதற்குச் சற்று முன்புதான் மலைக்குக் கிழக்கே தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடி முடித்திருந்தது. அதைக் கண்ணெதிரே பார்த்த ஒருவருக்கு இந்தக் கிழங்கின் அருமை புரியாமல் போயிருக்காது. தண்ணீர் பாய்ச்ச வேண்டாம். நெல்லுக்கு ஆகாத மேட்டு நிலம் போதும். குச்சியை வெட்டி நட்டால் பத்து மாதத்தில் கிழங்கு. அவசரமில்லை என்றால் பிடுங்காமல் விட்டுவைக்கலாம், மண்ணுக்குள்ளேயே சில மாதம் கெடாமல் கிடக்கும். வேண்டும்போது ஒரு செடியைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதால், குடிசைக்காரனுக்குக் களஞ்சியம் கட்டும் செலவும் இல்லை.

ஜனங்கள் பயந்தார்கள். பயந்ததில் நியாயம் உண்டு. மரவள்ளியில் சயனைடை வெளிவிடும் ஒரு பொருள் இருக்கிறது. கசப்பு ரகங்களில் அது அதிகம். பக்குவம் தெரியாமல் தின்றால் தலைசுற்றலும் வாந்தியும் வரும், உயிரும் போகலாம். அரசர் கிழங்கை அரண்மனையில் சமைக்கச் சொல்லித் தானே தின்று காட்டினார் என்று திருவனந்தபுரத்தில் ஒரு கதை வழங்குகிறது. அந்தக் கதையைச் சொல்பவர்கள், வேகவைத்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும் என்று அவரே அறிவுறுத்தியதாகவும் சேர்த்துச் சொல்வார்கள். அந்தப் பாதிதான் எனக்குப் பிடித்தது. ஒரு புதுப் பயிரைக் கொடுப்பவன் அதன் சமையலையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதை அந்தக் காலத்திலேயே யாரோ உணர்ந்திருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அதே அரசுதான் ஊட்டுப்புரைகளில் பிராமணர்களுக்கு இலவசமாக அரிசிச்சோறு போட்டுக்கொண்டிருந்தது. விசாகம் திருநாளின் நல்லெண்ணத்தில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் சோறு யாருக்கு, கிழங்கு யாருக்கு என்ற பாகப்பிரிவினை அப்போதே நடந்துவிட்டது.

கிழங்குக்கு முதலில் துணை போனது மீன். கடற்கரையில் மலிவாகக் கிடைத்த சாளையைக் குடம்புளியும் மிளகாயும் போட்டுச் சட்டியில் வற்றவைத்து, அந்தக் குழம்பில் கிழங்கைத் தோய்த்துத் தின்றார்கள். மாட்டிறைச்சிக்கு அன்று எளிதில் வழியில்லை. திருவிதாங்கூர் 1750 முதல் பத்மநாபசுவாமியின் பேரால் ஆளப்பட்ட நாடு. பசுவைக் கொல்வது அங்கே நெடுங்காலம் கடுங்குற்றம்.

1942-க்கு வருவோம். இந்தக் கதையில் கனமான பகுதி அதுதான்.

1881-இல் திருவிதாங்கூரின் ஜனத்தொகை 24 லட்சம். 1941-இல் அது 60 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இடைப்பட்ட காலத்தில் நிலமெல்லாம் தென்னைக்கும் ரப்பருக்கும் தேயிலைக்கும் மிளகுக்கும் போயிற்று. காசு தரும் பயிரை விற்று அரிசி வாங்கிக்கொள்ளலாம் என்பது கணக்கு. கணக்கு சரியாகத்தான் இருந்தது, பர்மா இருந்தவரை. செட்டிநாட்டு லேவாதேவிக்காரர்களின் பணத்தில் காடு திருத்தி விளைந்த ஐராவதி டெல்டாவின் அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. நாட்டுக்குத் தேவையான அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்த காலம் அது. 1942 மார்ச் 8 அன்று ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அரிசி நின்றது. அதே போரால் கயிற்று ஏற்றுமதியும் படுத்துவிட்டது. ஆலப்புழையிலும் சேர்த்தலையிலும் கயிறு திரித்தவர்களுக்கு வேலையும் இல்லை, அரிசியும் இல்லை.

அப்போது திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர். ரேஷன் வந்தது, நெல்லைக் கட்டாயமாகக் கொள்முதல் செய்தார்கள். போதவில்லை. பசியோடு காலராவும் வீக்கநோயும் சேர்ந்துகொண்டன. கே.ஜி. சிவசாமியும் அவருடைய தோழர்களும் 1943–44-இல் திருவிதாங்கூரில் நிலவிய பஞ்சத்தையும் அதனால் வந்த ஊட்டக்குறை நோய்களையும் ஆராய்ந்து எழுதிய நூல், கோயம்புத்தூரிலிருந்த நிவாரண மையத்தின் வெளியீடாக வந்தது. வங்கப் பஞ்சத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்த நம் பிள்ளைகள் சேர்த்தலைப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டதே இல்லை. அங்கே வங்கம் அளவுக்குச் சாவு விழாமல் தடுத்ததில் மரச்சீனிக்குப் பெரும் பங்கு உண்டு. அரிசிச்சோறே கதி என்றிருந்த நடுத்தர வீடுகளிலும் அந்த ஆண்டுகளில்தான் கிழங்கு அடுக்களைக்குள் நுழைந்தது.

கடலுக்கு அப்பால் நம்மவர்களும் அதையேதான் தின்றார்கள். ஜப்பானியர் ஆண்ட மலேயாவில், தோட்டத்துத் தமிழர்களுக்கு மூன்று வேளையும் மரவள்ளி. மலேசியத் தமிழ் முதியவர்களிடம் ‘ஜப்பான்காரன் காலம்’ என்று எடுத்தாலே முதலில் வரும் சொல் அந்தக் கிழங்குதான். இலங்கையில் 1970-களில், சிறிமாவோ அரசு இறக்குமதியை இறுக்கியபோது, அரிசியும் பாணும் அரிதாகி மரவள்ளி மறுபடி அடுப்பேறியது. அன்று கிழங்கோடு இஞ்சியைச் சேர்த்தால் நஞ்சு என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள், இன்றும் நம்புகிறார்கள். சேலத்துக்கு மட்டும் அதே போர் ஒரு லாபத்தைக் கொடுத்தது. மலேயாவிலிருந்து ஜவ்வரிசி வருவது நின்றதும், மரவள்ளி மாவிலிருந்து அதை இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். அந்தக் கதை பிறகு.

பஞ்சம் தீர்ந்தது, கிழங்கு போகவில்லை. தினச் சாப்பாடாகிவிட்டது. அங்கேதான் வேறொரு சிக்கல் தொடங்கியது. நூறு கிராம் பச்சைக் கிழங்கில் 160 கலோரி இருக்கிறது, புரதமோ ஒன்றரை கிராமைக்கூட எட்டாது. மீன் வாங்கக் காசில்லாதவர்கள் உப்பும் மிளகாயும் வைத்து வெறுங்கிழங்கைத் தின்றார்கள். வயிறு நிரம்பியது, உடம்பில் ஒட்டவில்லை. கேரள மருத்துவர் பி.ஜே. கீவர்கீஸ், கணையத்தில் கல் உண்டாகிச் சர்க்கரை நோயும் கண்ட நோயாளிகளை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரிடம் வந்தவர்கள் பெரும்பாலும் ஏழைகள், இளவயதினர், எலும்பும் தோலுமானவர்கள். மரவள்ளியின் சயனைடும் புரதப் பற்றாக்குறையும் சேர்ந்து இதற்குக் காரணமாகலாம் என்று 1979-இல் அவரும் மக்மில்லன் என்ற ஆய்வாளரும் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் கிழங்கின்மேல் விழுந்த பழியைப் பெருமளவு குறைத்துவிட்டன. மரவள்ளியே தின்னாத ஊர்களிலும் அந்த நோய் இருந்தது, மரபணுக் காரணங்களும் தெரியவந்தன.

ஆனால் அந்த ஆராய்ச்சியின் அடியிலிருந்த உடலியல் உண்மை மாறவில்லை. கிழங்கில் மிஞ்சியிருக்கும் சிறிதளவு சயனைடை உடம்பே முறித்து வெளியேற்றும். அதற்குக் கந்தகம் வேண்டும். அந்தக் கந்தகம் கிடைப்பது புரதத்திலுள்ள சில அமினோ அமிலங்களிலிருந்து. மீனிலும் இறைச்சியிலும் அவை தாராளம். வெறுங்கிழங்கு தின்கிறவனுக்கு நஞ்சும் உண்டு, முறிக்கும் பொருளும் குறைவு. ஒரு துண்டு மீனோ நாலு துண்டு கறியோ சேர்ந்தால் நிலைமை வேறு. வேதியியல் தெரியாத கிழவிகள் இதைக் கண்டுபிடித்தார்கள் என்று நான் புல்லரிக்கப் போவதில்லை. ருசிக்காகத்தான் சேர்த்தார்கள். நல்லதாகப் போயிற்று.

கறி தாராளமாகக் கிடைத்தது சுதந்திரத்துக்குப் பிந்தைய காலத்தில். இங்கே தமிழ்நாடு கதைக்குள் வருகிறது, இரண்டு வழியாக.

1956 நவம்பர் 1 அன்று மாநிலங்கள் மொழிவாரியாகப் பிரிந்தபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர்களுக்கு அது போராடி வாங்கிய வெற்றி. திருவனந்தபுரத்துக்கோ, நாஞ்சில் நாட்டு வயல்கள் எல்லைக்கு அப்பால் போயின. தெற்குத் திருவிதாங்கூரின் நெற்களஞ்சியத்தை இழந்து, அரிசிப் பற்றாக்குறையோடுதான் கேரளம் பிறந்தது. கிழங்கின் செல்வாக்கு இன்னும் கூடியதில் வியப்பில்லை. 1970-களின் நடுவில் கேரளத்தில் மூன்று லட்சம் ஹெக்டேருக்கு மேல் மரவள்ளி நின்றது.

இரண்டாவது வழி மாட்டுச்சந்தை. பொள்ளாச்சியில் செவ்வாயும் வியாழனும் சந்தை. உழவுக்கு ஆகாத காளை, கறவை வற்றிய பசு, கிழட்டு எருமை எல்லாம் அங்கே அடிமாடு என்ற பேரில் கைமாறும். டிராக்டர் பெருகப் பெருகத் தமிழ்நாட்டுத் தொழுவங்களில் எருதுக்கு வேலை குறைந்தது. தீனி போட்டுக் கட்டுப்படியாகாத மாட்டை விற்றால்தான் அடுத்த கன்று வாங்க முடியும். வாங்குபவர் மலையாள வியாபாரி. தென்மாவட்டத்து மாடுகள் களியக்காவிளை வழியாகவும் ஆரியங்காவு வழியாகவும் போயின. கேரளத்தில் மாட்டுவதைத் தடைக்கென்று தனிச் சட்டம் கிடையாது. ஆட்டுக்கறி விலையில் பாதிகூட இல்லாத விலைக்கு மாட்டுக்கறி விற்றதற்கு இந்த ஏற்பாடே காரணம். நம் உழவனின் பழைய மாடு அவர்களுடைய கூலித்தொழிலாளியின் புரதமானது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் இருதரப்புக்கும் லாபம். 2017 மே மாதம், சந்தையில் இறைச்சிக்காக மாடு விற்பதைத் தடுத்து மத்திய அரசு விதி போட்டபோது, கேரளத்தில் தெருவில் மாட்டுக்கறி சமைத்துப் போராடினார்கள். அதைச் சமயச் சண்டையாக மட்டும் செய்தித்தாள்கள் எழுதின. பொள்ளாச்சி விவசாயியின் கணக்குப் புத்தகத்தை யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. அந்த ஜூலையில் உச்ச நீதிமன்றம் விதியை நிறுத்திவைத்தது.

உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி, ஆட்டுக்குட்டியின் கறி போல் அரைமணியில் வேகாது. திருவனந்தபுரத்துச் சமையல் அந்தக் கடினத்துக்கு ஏற்ப அமைந்தது. கறியைச் சின்னத் துண்டுகளாக்கி, மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் இஞ்சி பூண்டும் பிசிறி, சின்ன வெங்காயமும் தேங்காய்க்கொத்தும் போட்டு மூடிவைப்பார்கள். கறி தன் தண்ணீரிலேயே நெடுநேரம் வேகும். தண்ணீர் வற்றியபின் தேங்காயெண்ணெயும் கறிவேப்பிலையும் நுணுக்கிய மிளகும் விழும். அதன்பிறகு கிளறுவதுதான் வேலை. துண்டுகள் ஓரம் கருத்து, மசாலா ஒட்டிப் பிடிக்கும்வரை கிளற வேண்டும். தேங்காய்க்கொத்து பல்லில் நறுக்கென்று கடிபடும். எலும்புக்கறி என்றால் செய்முறை வேறு. வறுத்தரைத்த தேங்காய் மசாலாவில் எலும்போடு வேகவைத்து, குழைந்த கிழங்கை அதிலேயே கொட்டிப் புரட்டுவார்கள். எலும்பின் கொழுப்பைக் கிழங்கு முழுக்க உறிஞ்சிக்கொள்ளும். இதைக் கப்பை பிரியாணி என்கிறார்கள். அரிசி ஒரு பருக்கை கிடையாது. இடுக்கி மலைப்பக்கத்தில் இதற்கே ஏஷ்யாட் என்று பெயர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி வந்த பெயர் என்பார்கள். டெல்லியில் ஓடிய ஓட்டத்துக்கும் மலையில் வெந்த எலும்புக்கும் என்ன உறவு என்று கேட்கக் கூடாது.

கிழங்கின் பக்குவம் இன்னும் நுட்பமானது. மேலே மண்ணிறத் தோல், அதன் கீழே இளஞ்சிவப்பான தடித்த பட்டை. கத்தியால் நீளவாக்கில் ஒரு கீறல் போட்டு விரலை நுழைத்தால் இரண்டும் சேர்ந்து சுருளாகக் கழன்று வரும். புதுக்கிழங்கு என்பதற்கு அதுதான் அடையாளம். பிடுங்கி இரண்டு மூன்று நாள் ஆகிவிட்டால் உள்ளே நீலம் பாய்ந்து கோடு விழும், வாங்கக் கூடாது. நடுவில் ஓடும் நரம்பை எடுத்துவிட்டுத் துண்டு போட்டு, மூழ்க மூழ்கத் தண்ணீர் ஊற்றி, மூடாமல் கொதிக்கவிட வேண்டும். பாதி வெந்ததும் தண்ணீரை இறுத்துக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீர். வெந்தபின் அதையும் இறுத்துவிட்டு, உப்பு போட்டு, தேங்காய், பூண்டு, சீரகம், பச்சை மிளகாய், மஞ்சள் சதைத்துச் சேர்த்து, மர அகப்பையால் அங்கங்கே கட்டி நிற்கும்படி மசிப்பார்கள். முழுக்கக் களியாகிவிட்டால் கறியின் சாறு தங்காது.

பயிரின் பிற்காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1963-இல் திருவனந்தபுரத்தை அடுத்த ஸ்ரீகாரியத்தில் மத்தியக் கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே உருவான எச்-165, எச்-226 ரகங்கள் மலை தாண்டி நம் சேலத்து ஆலைகளுக்கு வந்தன. 1977-இல் வெளியிட்ட ஒரு ரகத்துக்கு ஸ்ரீ விசாகம் என்று பெயர் வைத்தார்கள். சமையலுக்கு மட்டும் ஜனங்கள் எம்-4-ஐ விடவில்லை. அதுவும் மலேயாவிலிருந்து வந்த ரகம்தான். வளைகுடாப் பணமும் ரேஷன் அரிசியும் ரப்பரும் சேர்ந்து கிழங்குப் பரப்பைச் சுருக்கின. 1970-களில் இருந்ததில் கால் பங்குகூட இப்போது இல்லை. மாட்டுக்கறியும் புதுக் கூட்டாளியைப் பிடித்துக்கொண்டது: பரோட்டா. ருசியில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கிழங்கோடு சேரும்போது அந்தக் கறிக்கு இருந்த வேலை பரோட்டாவோடு இல்லை என்பது என் தீர்ப்பு. நட்சத்திர ஓட்டல்களில் இன்று மண்சட்டியில் வாழையிலை விரித்து ‘நாடன்’ என்ற பேரில் கிழங்கும் கறியும் வைக்கிறார்கள். 1943-இல் சேர்த்தலையில் வரிசையில் நின்றவர்கள் அந்த விலையைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ.

அடுத்த வாரம் திருவனந்தபுரத்திலேயே இருப்போம். தம்பானூரில் லாரி பேக்கர் கட்டிய சுருள் கோபுரத்துக்குள் இயங்கும் இந்தியன் காபி ஹவுஸையும், வேலை போன தொழிலாளிகள் 1958-இல் திருச்சூரில் தொடங்கிய கூட்டுறவு அங்கே வந்து சேர்ந்த கதையையும் பார்க்கலாம். ரொட்டியும் கட்லெட்டும் அங்கேதான் வருகின்றன. அதற்குள் யாராவது வீட்டில் மரச்சீனி சமைத்துப் பார்ப்பதாக இருந்தால் ஒரு வேண்டுகோள்: குக்கரில் மூடி வேகவைக்காதீர்கள். திறந்த பாத்திரத்தில், நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கட்டாயம் கொட்டிவிடுங்கள்.

(தொடரும்)